ஸ்காட்லாந்து தீவில் 'ஓடிப்போய்' கல்யாணம்: 29 நாள் நோட்டீஸ் முதல் 2 சாட்சிகள் வரை... என்னென்ன தேவை? முழு விவரம்

மண்டபம் கிடையாது. பந்தி கிடையாது. மேடையில் மணிக்கணக்காக நின்று போட்டோவுக்குச் சிரிக்க வேண்டியதும் கிடையாது. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கடற்கரை, மணமக்கள் இருவர், திருமணத்தை நடத்தி வைக்க ஒருவர், சாட்சிக்கு இரண்டு பேர். அவ்வளவுதான் கல்யாணம்!

ஸ்காட்லாந்தின் தொலைதூரத் தீவுகளில் இப்படி நடக்கும் திருமணங்களை 'எலோப்மென்ட்' என்கிறார்கள். நம்மூரில் இதை 'ஓடிப்போறது' என்போம். சங்க இலக்கியத்தில் இதற்கு 'உடன்போக்கு' என்று அழகான பெயரே உண்டு. ஆனா, இன்றைக்கு அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கொஞ்சம் மாறிவிட்டது. வீட்டுக்குத் தெரியாமல் ஓடுவது மட்டுமல்ல, வீட்டில் சொல்லிவிட்டே, கூட்டமும் செலவும் வேண்டாம் என்று இருவர் மட்டும் போய் மணம் முடிப்பதும் இப்போது எலோப்மென்ட்தான்.

பெயரில் இருக்கும் அவசரம் சட்டத்தில் கிடையாது என்பதுதான் இதில் பலருக்கும் தெரியாத விஷயம். சொந்தக்காரங்க இல்லாம கல்யாணம் பண்ணலாம். பதிவாளர் இல்லாமல் முடியாது. திருமணத் தேதிக்கு 29 நாட்களுக்கு முன்பே காகிதம் அவர் கையில் இருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால், தீவுக்கே போய்ச் சேர்ந்தாலும் அந்தத் தேதியில் கல்யாணம் நடக்காது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஓடிப்போனா ஸ்காட்லாந்துதான்... ஏன்?

இதற்கு 270 வருடக் கதை இருக்கிறது. 1753-ல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு ஒரு புதிய திருமணச் சட்டம் வந்தது. ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் என்று இதைச் சொல்வார்கள். 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தேவாலயத்தில் முறைப்படி உரிமம் வாங்கி மணம் முடிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது அது. 1754-ல் அமலுக்கு வந்த இந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே இரண்டு சாட்சிகள் முன்னால் 'நாங்கள் கணவன் மனைவி' என்று அறிவித்தாலே போதும், பெற்றோர் சம்மதமும் தேவையில்லை.

அப்புறம் என்ன? காதலர்கள் குதிரை வண்டி பிடித்து வடக்கே ஓடினார்கள். எல்லையைத் தாண்டியதும் வரும் கிராமம் கிரெட்னா கிரீன். அங்கிருந்த கொல்லன் பட்டறையில், பட்டடைக்கல்லை சாட்சியாக வைத்துக் கல்யாணங்கள் நடந்தன. கல்யாணம் நடத்தி வைத்தவர்களுக்கு 'பட்டடைக்கல் பூசாரிகள்' என்றே பெயர் விழுந்தது.

1856-ல் இதற்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். மணமக்களில் ஒருவராவது 21 நாட்கள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1940-ல் இருந்து, சாட்சிகள் முன் வெறுமனே அறிவிக்கும் திருமணங்கள் செல்லாது என்றாகிவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1977-ம் ஆண்டுச் சட்டம். இதில் தங்கும் விதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

இன்றைய விதிகள் என்ன சொல்கின்றன?

ஸ்காட்லாந்தில் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது 16. பெற்றோர் சம்மதம் தேவையில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 2023 பிப்ரவரி முதல் இந்த வயது 18 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. ஆண் - ஆண், பெண் - பெண் திருமணங்களும் ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரில் இருந்து சட்டப்படி நடக்கின்றன.

எலோப்மென்ட் ஜோடிகளை ஈர்க்கும் பெரிய விஷயம் இடம். இங்கிலாந்தில் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற கட்டடத்திலோ தேவாலயத்திலோதான் மணம் முடிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. அங்கே அங்கீகாரம் இடத்துக்கு அல்ல, நடத்தி வைக்கும் நபருக்கு. அவர் சம்மதித்தால் கடற்கரை, மலை உச்சி, கோட்டையின் இடிபாடு என எங்கு வேண்டுமானாலும் நடத்தலாம். அரசுப் பதிவாளர் நடத்தும் சிவில் திருமணத்துக்கும் 2002-க்குப் பிறகு இந்தச் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் பதிவுத் துறையுடன் இடத்தை முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்க வேண்டும்.

எம்10: மறக்கக் கூடாத படிவம்

திருமண நோட்டீஸ் படிவத்தின் பெயர் எம்10. இதில் கவனிக்க வேண்டியவை:

• மணமகன், மணமகள் இருவரும் தனித்தனிப் படிவம் கொடுக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒன்று என்பது கிடையாது.

• நீங்கள் வசிக்கும் ஊரில் அல்ல, திருமணம் நடக்கப்போகும் பகுதியின் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும்.

• திருமணத்துக்கு 3 மாதங்களுக்கு முன்பிருந்து கொடுக்கலாம். கடைசிக் கெடு, திருமணத்துக்கு 29 நாட்கள் முன்பு. 10 முதல் 12 வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது என்பதே அதிகாரப்பூர்வ அறிவுரை.

• பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் போன்ற அடையாள ஆவணங்கள் வேண்டும். ஏற்கெனவே மணமாகி விவாகரத்தானவர் என்றால் அதற்கான நீதிமன்ற ஆவணம், துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ்.

• ஆவணம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும்.

காகிதங்கள் சரியாக இருந்தால் 'மேரேஜ் ஷெட்யூல்' என்ற ஆவணத்தைப் பதிவாளர் தயார் செய்வார். இதுதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. சிவில் திருமணம் என்றால் பதிவாளரே அதைக் கொண்டு வந்துவிடுவார். மத முறையிலோ மனிதநேய அமைப்பின் முறையிலோ நடக்கும் திருமணம் என்றால், வழக்கமாக அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள் மணமக்களிடம் தரப்படும். எப்போது, எப்படிக் கிடைக்கும் என்று பதிவு அலுவலகத்திடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெட்யூல் இல்லாமல் மத முறைத் திருமணத்தை நடத்தி வைத்தால், நடத்தி வைத்தவர் மீதே குற்றம் சாட்டலாம். அதனால் 'காகிதம் நாளைக்கு வந்துடும், நீங்க ஆரம்பிங்க' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

சரி, ரகசியமா பண்ண முடியுமா?

வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்ய நினைப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். எம்10 கொடுத்ததும், உங்கள் பெயர்களும் உத்தேசத் தேதியும் பதிவு அலுவலகத்தின் பட்டியலில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. திருமணம் நடக்கும் வரை யார் வேண்டுமானாலும் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

பயப்பட வேண்டாம். 'எங்களுக்குப் பிடிக்கல', 'சாதி வேற', 'மதம் வேற' என்பதெல்லாம் அங்கே ஆட்சேபமாகவே எடுத்துக்கொள்ளப்படாது. வயது 16 ஆகவில்லை, ஒருவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருக்கிறது, தடை செய்யப்பட்ட உறவுமுறை, சம்மதம் தரும் மனநிலையில் இல்லை போன்ற சட்டக் காரணங்கள் இருந்தால்தான் திருமணம் நிற்கும்.

உறவுமுறை விஷயத்தில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அத்தை மகன், மாமன் மகள் போன்றவர்களை மணக்க ஸ்காட்லாந்து சட்டத்தில் தடையில்லை. ஆனால் தாய்மாமன் - அக்கா மகள் திருமணம் அங்கே தடை செய்யப்பட்ட உறவு.

ரெண்டே ரெண்டு சாட்சி... யாரைக் கூட்டிட்டுப் போறது?

16 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் கட்டாயம். உறவினராகவோ நண்பராகவோ இருக்க வேண்டும் என்றில்லை. அதனால் எலோப்மென்ட் ஜோடிகள் பலர் போட்டோகிராபரை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள். இன்னொருவர் தங்கும் விடுதி நடத்துபவராகவோ, பைப் இசைக் கலைஞராகவோ இருப்பார்.

'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தொலைதூரத் தீவின் கடற்கரையில், மழை நாளில், காத்திருந்தாலும் ஒரு மனிதர் கண்ணில் படாமல் போகலாம். இருவரையும் பெயர் சொல்லி முன்பே உறுதி செய்வதுதான் சரி.

நடத்தி வைப்பது யார்?

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, அரசுப் பதிவாளர் நடத்தும் சிவில் திருமணம். இரண்டு, மதகுரு நடத்துவது. மூன்று, மனிதநேய அமைப்பினர் நடத்துவது. கடவுள் வாழ்த்து இல்லாமல், மணமக்களே எழுதும் உறுதிமொழிகளுடன் நடக்கும் இந்த மூன்றாவது வகை 2005-ல் இருந்து சட்டப்படி செல்லும்.

தீவுகளில் பதிவாளர்கள் எண்ணிக்கை குறைவு. ஒருவரே பல ஊர்களைப் பார்ப்பார். மெயின்லேண்டில் இருந்து ஒருவரை அழைத்தால் அவருடைய கப்பல் டிக்கெட், தங்கும் செலவும் உங்கள் கணக்கில்தான். ஆகவே தேதியை நீங்களே முடிவு செய்துவிட்டு ஆளைத் தேடாதீர்கள். முதலில் ஆள் கிடைக்கும் தேதியைக் கேளுங்கள்.

உறுதிமொழியுடன் சில உள்ளூர்ச் சடங்குகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இருவர் கைகளையும் துணியால் சேர்த்துக் கட்டும் சடங்கு ஒன்று. 'க்வெய்க்' எனப்படும் இரண்டு பிடி வைத்த கோப்பையில் இருவரும் பானம் அருந்துவது இன்னொன்று. இவை விருப்பம்தான், சட்டத் தேவை இல்லை.

எந்தத் தீவு?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தில் மக்கள் வாழும் தீவுகள் மட்டும் 93. எலோப்மென்ட்டுக்குப் பொருத்தமான சில இடங்கள் இவை.

பாரா: வெளி ஹெப்ரிடீஸ் தீவுக் கூட்டத்தின் தென்பகுதியில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 1,200. இங்கே விமானம் இறங்குவது கடற்கரை மணலில்! கிளாஸ்கோவில் இருந்து வரும் சிறிய விமானத்துக்கு அலை வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் அட்டவணையே போடுகிறார்கள். அலை ஏறினால் ஓடுபாதை கடலுக்குள் போய்விடும். கப்பலில் போவதென்றால் ஓபன் துறைமுகத்தில் இருந்து காசில்பே ஊருக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். காசில்பே கடலுக்கு நடுவே ஒரு கோட்டை நிற்கிறது. பெயர் கிசிமுல். 2000-ம் ஆண்டில் இதை 1,000 வருடக் குத்தகைக்கு விட்டார் அதன் சொந்தக்காரர். ஆண்டு வாடகை ஒரு பவுண்டும் ஒரு பாட்டில் விஸ்கியும்தான்!

லூயிஸ் - ஹாரிஸ்: பெயர் இரண்டு, நிலப்பரப்பு ஒன்று. ஹாரிஸில் உள்ள லஸ்கென்டைர் கடற்கரை வெள்ளை மணலுக்குப் பேர் போனது. லூயிஸில் சுமார் 5,000 ஆண்டுகள் பழமையான கலானிஷ் நடுகற்கள் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அங்கே நிகழ்ச்சி நடத்த முன் அனுமதி கேட்க வேண்டும். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு முகூர்த்தம் வேண்டாம்.

ஆர்க்னி: இரண்டாம் உலகப் போரில் சிறைபிடிக்கப்பட்ட இத்தாலிய வீரர்கள், தகரக் கொட்டகைகள் இரண்டைச் சேர்த்துக் கட்டிய சிறு தேவாலயம் இங்கே லாம்ப் ஹோம் தீவில் இருக்கிறது. உள்ளே போனால் தகரம் என்று நம்ப முடியாத அளவுக்கு ஓவியங்கள். இங்கே திருமணங்களும் நடக்கின்றன.

செயின்ட் கில்டா: இதுதான் உச்சகட்டத் தனிமை. 1930 ஆகஸ்ட் 29-ம் தேதி கடைசி 36 பேரும் வெளியேறிய பிறகு இங்கே நிரந்தரமாக வாழும் மக்கள் கிடையாது. யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கோடையில் ஹாரிஸ், ஸ்கை தீவுகளில் இருந்து ஒருநாள் படகுகள் போகின்றன. ஆனால் கடல் கொந்தளித்தால் கரையில் இறக்காமலே திருப்பிவிடுவார்கள். நடத்தி வைப்பவர், சாட்சிகள் எல்லோரையும் அதே படகில் கூட்டிப்போக வேண்டும். முதல் தேர்வாக இது சரிப்படாது.

காற்று அடிச்சா கல்யாணம் நிக்குமா?

நிற்கலாம். தீவுகளின் ஃபெர்ரி கப்பல்கள் காற்று பலமாக இருந்தால் ரத்து செய்யப்படும். குளிர்காலத்தில் தொடர்ந்து சில நாட்கள் கூட ஓடாமல் போகும்.

சிக்கல் பயணத்தோடு முடிவதில்லை. மேரேஜ் ஷெட்யூலில் தேதியும் இடமும் குறிப்பிட்டிருக்கும். மத, மனிதநேய முறைத் திருமணங்களை அந்தத் தேதியில், அந்த இடத்தில்தான் நடத்த வேண்டும். 'கடற்கரையில் மழை, பக்கத்து ஊர் ஹாலில் நடத்திக்கலாம்' என்று நீங்களாக மாற்றக் கூடாது. பதிவாளர் ஒப்புதல் தந்தால் மாற்றலாம். ஆகவே செய்ய வேண்டியவை:

• எம்10 கொடுக்கும்போதே மாற்று இடம் ஒன்றையும் பதிவாளரிடம் பேசி வையுங்கள். நான்கு சுவரும் கூரையும் உள்ள இடமாக இருக்கட்டும்.

• திருமணத்துக்கு இரண்டு, மூன்று நாட்கள் முன்பே தீவில் இருங்கள். நடத்தி வைப்பவர் வெளியூர் என்றால் அவரும்தான்.

• திருமணத்துக்கு மறுநாள் காலையில் விமானம் பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள். தீவுக்குப் போக முடியாதது போலவே, வெளியே வர முடியாமலும் போகலாம்.

• கோடையில் கார் கொண்டு போவதென்றால் கப்பலில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். நடந்து ஏறும் பயணிகளுக்கு ஓரளவு எளிது.

எந்த மாதம் நல்லது?

ஜூனில் ஹெப்ரிடீஸ் தீவுகளில் சுமார் 18 மணி நேரம் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் அது ஆறு மணி நேரம் சொச்சம்தான். கோடையிலும் பகல் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். பட்டுப்புடவைக்கு மேல் ஒரு தடித்த கோட்டு கட்டாயம்.

இன்னொரு எதிரி 'மிட்ஜ்' என்ற குட்டிக் கொசு. மே முதல் செப்டம்பர் வரை, காற்று இல்லாத ஈரமான காலையிலும் மாலையிலும் கூட்டமாக வந்து கடிக்கும். காற்று வீசினால் பறக்க முடியாது. அதனால் திறந்த கடற்கரையில் தொல்லை குறைவு.

கடற்கரை யாருக்குச் சொந்தம்?

2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பெரும்பாலான திறந்தவெளிகளில் பொறுப்போடு நடந்துபோக எல்லோருக்கும் உரிமை உண்டு. ஐந்து பேர் நின்று உறுதிமொழி சொல்வதில் பெரும்பாலும் பிரச்சினை வராது. பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி என்று போனால் நில உரிமையாளரிடம் கேட்க வேண்டும். பல தீவுகளில் நிலம் ஊர் மக்களின் கூட்டு அமைப்புகளிடமே இருக்கிறது. ஈக் தீவை 1997-ல் மக்களே சேர்ந்து வாங்கினார்கள்.

கடற்கரையை ஒட்டிய புல்வெளியை 'மாக்கர்' என்கிறார்கள். தரையில் கூடு கட்டும் பறவைகள் வாழும் இடம் அது. காரை அதில் ஏற்றக் கூடாது. காகிதத் துண்டுகள், பிளாஸ்டிக் பூக்கள் எதையும் விட்டு வரக் கூடாது.

இந்தியர்கள் போய்ப் பண்ணலாமா?

பண்ணலாம். ஆனால் சாதாரண சுற்றுலா விசாவில் போய்க் கல்யாணம் செய்ய முடியாது. இதற்கென்றே 'மேரேஜ் விசிட்டர்' விசா இருக்கிறது. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். அதிகபட்சம் 6 மாதம் தங்கலாம். பயணத்துக்கு 3 மாதங்களுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கல்யாணம் ஆனதைக் காட்டி அங்கேயே தங்கிவிட இந்த விசாவில் வழியில்லை.

எம்10 படிவத்துடன் குடியேற்ற நிலை பற்றிய அறிவிப்பும் தர வேண்டும். சந்தேகம் வந்தால் பிரிட்டன் உள்துறை, நோட்டீஸ் காலத்தை 70 நாட்கள் வரை நீட்டிக்கலாம். வெளிநாட்டவர் தங்கள் நாட்டில் இருந்து 'திருமணத்துக்குத் தடையில்லை' என்ற சான்றும் தர வேண்டியிருக்கும். எந்த அலுவலகத்தின் எந்தச் சான்று செல்லும் என்பதைப் பதிவாளரிடம் மின்னஞ்சலில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஊர் திரும்பிய பிறகு பயன்படுத்த, திருமணச் சான்றிதழுக்குப் பிரிட்டன் வெளியுறவுத் துறையின் 'அப்போஸ்டில்' முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. மணமக்களில் ஒருவராவது இந்தியக் குடிமகன் என்றால், 1969 வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின் கீழ் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. எடின்பரோவில் இந்தியத் துணைத் தூதரகம் உள்ளது.

எப்போ என்ன செய்யணும்? ஒரு பார்வை

• 6 முதல் 9 மாதம் முன்பு: தீவு, நடத்தி வைப்பவர், தங்குமிடம், தேதி. இந்த நான்கும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்.

• 3 மாதம் முன்பு: விசா விண்ணப்பம்.

• 10 முதல் 12 வாரம் முன்பு: இரண்டு எம்10 படிவங்களும் பதிவாளர் கையில்.

• 29 நாள் முன்பு: கடைசிக் கெடு.

• 7 நாள் முன்பு: மேரேஜ் ஷெட்யூல் பற்றி உறுதி செய்தல்.

• 2 முதல் 3 நாள் முன்பு: தீவில் இருக்க வேண்டும்.

• திருமணம் முடிந்ததும்: மணமக்கள், இரண்டு சாட்சிகள், நடத்தி வைத்தவர் எல்லோரும் ஷெட்யூலில் கையெழுத்துப் போட வேண்டும். மத, மனிதநேய முறைத் திருமணம் என்றால், கையெழுத்தான ஷெட்யூலை 3 நாட்களுக்குள் பதிவாளரிடம் சேர்க்க வேண்டும். அதன் பிறகுதான் சான்றிதழ் கிடைக்கும்.

கடைசி வரியைத்தான் பலரும் மறக்கிறார்கள். தேனிலவுக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்தக் காகிதம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். ஊருக்கு முன்னால் நடக்கும் கல்யாணத்துக்கு ஊரே சாட்சி. யாருமில்லாத தீவில் நடக்கும் கல்யாணத்துக்கு அந்த ஒரு காகிதம்தான் சாட்சி. கப்பல் ஏறுவதற்கு முன்னால் அதைக் கொடுத்துவிட்டு ஏறுங்கள்!